கழித்த மீனின் கதை

கொழும்பு மாநகரின் தென்பாகத்திலே ஹெவ்லொக் டவுன் என்றொரு பகுதி உண்டு. 1890 ஆம் ஆண்டு முதல் 1895 ஆம் ஆண்டு வரை இலங்கைத் தேசாதிபதியாக விளங்கிய சேர் ஆர்தர் ஹெவ்லொக் என்பாரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. அதற்கு மேற்கே வெள்ளவத்தையும் கடலும். நகரின் வட எல்லையிலே கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் மட்டக்குளியும். இந்த இரு முனைகளுக்கும் இடைப்பட்ட அடுக்களைகளில் மீன் வெட்டப்படாத நாள் அரிது. செதிளைச் சீவி, செவுளைக் களைந்து, குடலை அகற்றிக் கழுவும்போது, கையில் நிற்பது கறியாகின்றது. கையினின்று நழுவுவது காகத்துக்கும் பூனைக்கும் போகின்றது.

உணவுக்கும் கழிவுக்கும் இடையிலே ஒரு கோடு இருக்கின்றது. அந்தக் கோட்டை மீன் கீறவில்லை, மனிதர் கீறினர். உப்பின் விலையும், நெருப்பின் உதவியும், அறிஞரின் ஆராய்ச்சியும், நாவின் சுவையும் அதனைக் காலந்தோறும் இடம் மாற்றி வைத்தன. நேற்று எறிந்ததை இன்று மருந்தென்று உண்பதும், இன்று மருந்தென்று உண்பதை நாளை மறப்பதும் அதன் விளைவுகள். கழித்த மீனிலிருந்து உடல்நலம் பேணும் உணவு ஆக்குதல் இந்நூற்றாண்டின் புதுமையெனப் பலர் கருதுகின்றனர். வரலாற்றைப் புரட்டுவோர்க்கு, அது பழைய முயற்சி ஒன்றின் புதிய அத்தியாயமாகவே தோன்றும்.

முதலிற் கழிவின் அளவை நோக்குவோம். உணவு விவசாய ஸ்தாபனம் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2010 முதல் 2014 வரையான காலத்திலே, வலையில் அகப்பட்டு மீண்டும் கடலுக்குள்ளேயே எறியப்பட்ட மீன் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 91 இலட்சம் தொன். பிடிபட்ட மீனில் அது நூற்றுக்குப் பத்துக்கும் சற்று மேல். இது முதல் வகைக் கழிவு. கரைக்கு வந்த பின், பனிக்கட்டி போதாமலும் வெயிலிற் கிடந்தும் பழுதாவது இரண்டாம் வகை. தொழிற்சாலையிலும் சந்தையிலும் தசையை மட்டும் எடுத்துக்கொண்டு, தலை, முள், தோல், குடல், ஈரல் ஆகியவற்றை ஒதுக்கிவிடுவது மூன்றாம் வகை. தசைத் துண்டுகளாக ஆக்கும்போது ஒரு மீனின் எடையிற் பாதியும், சில சமயங்களில் அதற்கு மேலும், இவ்வாறு ஒதுங்கிப்போகின்றது. இவற்றையெல்லாம் கூட்டி நோக்கிய அதே ஸ்தாபனம், உலகில் உற்பத்தியாகும் மீனில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு வீணாகின்றது என 2020 ஆம் ஆண்டிற் கணக்கிட்டது.

பண்டையோர் இத்துணை வீண் செய்திலர். பரதவர் சேரிகளிலே மகளிர் மீனை உப்பிட்டு உணக்கிப் பறவை ஓட்டிய செய்தியைச் சங்கச் செய்யுட்கள் பலவிடங்களிற் கூறுகின்றன. மீனிலிருந்து வடித்த நெய் அக்காலத்திலே பண்டமாற்றுப் பொருளாயிருந்தது என்பது பொருநராற்றுப்படையால் அறியப்படுகின்றது. மேற்கே உரோமர் மீனின் குடலையும் குருதியையும் உப்புடன் சேர்த்து வெயிலில் ஊறவைத்து, வடிந்த சாற்றைக் காரும் என்னும் பெயரால் உணவிற் கலந்துண்டனர். ஸ்பானிய நாட்டுத் தென்கரையிலே பயேலோ கிளவுடியா என்னும் பழம்பதியில், இத்தொழிலுக்கு வெட்டிய தொட்டிகளை இன்றுங் காணலாம். குடலிலுள்ள நொதிகள் மீனின் புரதத்தைக் கரைத்துச் சிறு கூறுகளாக்கும் செயலே அச்சாற்றின் இரகசியம். அதன் பெயரை அறியாமலே அதன் பயனை அவர்கள் அறிந்திருந்தனர்.

இலங்கைக்கு அண்மையிலே இதற்கு மேலும் சிறந்த சான்று ஒன்று உண்டு. கொழும்பு அடுக்களைகளிற் சம்பலுக்கும் கறிக்கும் இன்றியமையாத மாசி, மாலைதீவிலே சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்யப்படுவது. 1340 களில் அத்தீவுகளில் வாழ்ந்த இபுன் பத்தூத்தா இம்முறையை விவரித்து, அப்பண்டம் இந்தியா, சீனம், யேமன் முதலாய தேசங்களுக்கு ஏற்றுமதியாவதையும் குறித்துள்ளார். மீனை அவித்தபின் எஞ்சும் நீரை மாலைதீவு மக்கள் கொட்டிவிடுவதில்லை. அதனை நெடுநேரம் காய்ச்சி வற்றச்செய்து, கபில நிறமான களியாக்கி, ரிஹாக்குரு என்னும் பெயருடன் சோற்றோடு உண்கின்றனர். மீனினின்று நீரிற் கரைந்த சத்து அவ்வண்ணம் மனிதரையே வந்தடைகின்றது. யாழ்ப்பாணத்து ஒடியற்கூழும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மீன் தலையும், சிறு மீனும், நண்டும், இறாலும் ஒரே பானையில் வெந்து கரைய, சதை குறைந்த பாகங்களின் சாரமெல்லாம் கூழிலே இறங்குகின்றது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பாற்சுறா வறையை ஊட்டும் வழக்கமும் அறியாதாரில்லை. உணவே மருந்தென்னும் கொள்கைக்கு ஆய்வுகூடம் வாய்க்குமுன்பே அடுக்களை வாய்த்திருந்தது.

இவ்வொழுங்கை ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே குலைத்தது உப்பு வரி. மீன் கெடாதிருக்க உப்பு வேண்டும். உப்போ அரசினரின் ஏகபோகம். விலை கொடுக்க இயலாத மீனவர் உப்பைக் குறைத்தனர். அன்றேல் உவர்மண்ணைத் தடவினர். மீன் அழுகியது, அதனை உண்டோர் நோயுற்றனர். இந்தியாவினதும் பர்மாவினதும் கடல்மீன் வளம்பற்றி 1873 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்ட பிரான்சிஸ் டே என்பார் இக்கேட்டை எடுத்துக் காட்டினார். பின்னர் சென்னை அரசினர் கடற்கரையோரமெங்கும் மீன் பதனிடு நிலையங்களை நிறுவி, அவற்றினுள்ளே மட்டும் உப்பை வரியின்றி வழங்கினர். வரி நீங்கிய இடத்திற் கழிவு மீன் உணவு மீனாக மாறியது. மீன் அதுவே, கடலும் அதுவே. உப்பின் விலை ஒன்றே வேறு.

அக்காலத்தில் மலையாளக் கரையிலும் தென் கன்னடக் கரையிலும் பரவியிருந்த ஒரு பதனிடு முறைக்குக் கொழும்பு நகரின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. கும்பளா போன்ற மீன்களின் குடலையும் செவுளையும் நீக்கி, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு வீதம் சேர்த்து, வயிற்றினுள்ளே கொறுக்காய்ப்புளித் துண்டு வைத்து, தொட்டியில் ஊறவிடுவர். பின்னர் அந்த ஊறல் நீருடனேயே மரப்பீப்பாக்களில் அடைத்துக் கொழும்புக்கு ஏற்றுவர். இதற்குக் கொழும்புப் பதம் என்று பெயர். சிங்கள மக்கள் ஜாடி என்று வழங்கும் பண்டமும் இம்முறையதே. உப்பு நீரை இழுக்க, புளி அமிலத்தை ஊட்ட, அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகாது அடங்கின. ஒரே நாளிற் குவிந்து விலைபோகாத மீன், மாதக் கணக்காக ஏழைகளின் உணவாயிற்று.

அதே கரையில் வேறொரு மீனுக்கு அப்பேறு கிட்டவில்லை. எண்ணெய்ச் சாளை பெருந்திரளாக ஒதுங்கும் காலங்களில், உண்பார்க்கும் உப்பிடுவார்க்கும் மிஞ்சியது மணலில் உலர்ந்து, தென்னைக்கும் தோட்டப் பயிர்களுக்கும் உரமாகியது. சென்னை மாகாண மீன்பிடித் துறைக்கு அடிகோலிய சேர் பிரெடெரிக் நிக்கல்சன், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே இதனைச் சீர்செய்ய முனைந்தார். மீனை அவித்துப் பிழிந்து, எண்ணெயை வேறாகவும் எஞ்சிய பிண்ணாக்கை வேறாகவும் ஆக்கும் எளிய முறையை அவர் மீனவர்க்குக் கற்பித்தார். அவர்க்குப் பின் அத்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹோர்ணெல், 1902 ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகளை ஆராய இலங்கைக்கு வந்தவர். அவ்விருவரும் வளர்த்த தொழில் மீனவர்க்கு வருவாய் தந்தது. ஆயினும் எண்ணெய் ஆலைகளுக்கும் பிண்ணாக்கு வயல்களுக்கும் சென்றனவேயன்றி, மனிதரின் கலத்துக்கு வரவில்லை. அவ்வெண்ணெயின் உள்ளே என்ன இருக்கின்றது என்பது அன்று எவர்க்கும் தெரியாதிருந்தது.

அதனை வெளிப்படுத்தியது விற்றமின் ஆராய்ச்சி. 1913 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மக்கொலம் என்பவரும் மார்கரீட் டேவிஸ் அம்மையாரும், கொழுப்பிற் கரையும் ஓர் உயிர்ச்சத்தைக் கண்டனர்; அதுவே பின்னர் விற்றமின் ஏ எனப்பட்டது. கொட் என்னும் மீனின் ஈரலெண்ணெயில் அச்சத்தோடு, எலும்பை வலுப்படுத்தும் விற்றமின் டீயும் இருப்பது அடுத்த பத்தாண்டில் நிலைநாட்டப்பட்டது. கொழும்பிலே பக்டீரியாவியல் நிலையத்தின் பணிப்பாளராயிருந்த லூசியஸ் நிக்கல்ஸ், போதிய உணவின்றித் தோல் சொரசொரத்துத் தேரையின் தோல்போல் ஆகும் நோயை 1933 ஆம் ஆண்டில் விவரித்து, விற்றமின் குறைவே அதன் காரணம் என்றார். வேறு சத்துக்களின் குறைவும் அதற்குக் காரணமாகலாம் எனப் பிற்கால அறிஞர் கூறுவர். எனினும் இலங்கைப் பிள்ளைகளின் உடலை அவர்கள் உண்ணும் உணவோடு பொருத்திப் பார்க்கும் வழக்கத்தைத் தொடக்கி வைத்தோருள் அவர் ஒருவர். இந்தியாவிலே குன்னூர் போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய அய்க்ரோய்ட் என்பாரும் அக்காலத்தில் அவ்வழியே நின்றார்.

1940 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே ஜேர்மனியர் நோர்வே நாட்டினுள் நுழைந்தனர். கொட் மீனெண்ணெய் வந்துகொண்டிருந்த வழி அடைபட்டது. அப்பொழுதே இந்துமாகடலின் சுறாமீது கண்கள் திரும்பின. சுறாவின் ஈரலைக் காய்ச்சி வடித்த எண்ணெயை மீனவர் தலைமுறை தலைமுறையாகத் தோணிப் பலகைகளுக்குப் பூசி வந்தனர். சோதித்துப் பார்த்தபோது, அதிலே விற்றமின் ஏ கொட் எண்ணெயிலும் பன்மடங்கு மிகுந்திருக்கக் காணப்பட்டது. சென்னை அரசினர் அவ்வாண்டிலேயே கோழிக்கோட்டிற் சுறா எண்ணெய் தயாரிக்கத் தொடங்கினர். திருவிதாங்கூரும் பம்பாயும் பின்தொடர்ந்தன. தோணிக்குப் பூசிய எண்ணெய் குழந்தையின் வாய்க்கு மருந்தாயிற்று. ஆயின் அவ்வாழ்வும் நீடிக்கவில்லை. 1947 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்திலே விற்றமின் ஏயைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டறியப்பட்டது. மலிவான செயற்கைச் சத்து சந்தையை நிரப்ப, ஈரலெண்ணெயின் மதிப்பு சில ஆண்டுகளிலேயே வீழ்ந்தது. தேவை அழைக்கும்போது கழிவு உணவாகும். வேறொன்று மலிவாகும்போது மீண்டும் கழிவாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சுதந்திரத்தின் பின் இலங்கையின் நோக்கம், மீனைக் கெடாமற் காப்பதிலே முதலிற் சென்றது. 1950 ஆம் ஆண்டு கொழும்பிற் கூடிய பொதுநலவாய அமைச்சர் மகாநாட்டிற் பிறந்த கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடா தேசத்தின் உதவியுடன் முகத்துவாரத்திலே குளிரறைகள் எழுந்தன. 1964 ஆம் ஆண்டில் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் தோன்றியது. பனிக்கட்டியும் ஒருவகைப் போஷாக்குத் தொழிலே என்பது அன்றைய திட்டத்தார் உணர்ந்த உண்மை.

அதே ஆண்டுகளில் மேனாட்டார் வேறொரு வழியிற் பெருங்கனவு கண்டனர். விலைபோகாத மீன்களை முழுமையாக அரைத்து, மதுசாரத்தாற் கொழுப்பையும் மணத்தையும் அகற்றி, வெண்மையான புரதத்தூள் ஆக்கினால், உலகின் பசியைச் சிறு செலவில் ஆற்றலாம் என்பது அக்கனவு. குடலும் செவுளும் சேர்ந்த தூள் தூய உணவு ஆகாதென்று அமெரிக்க உணவு அதிகாரிகள் 1962 ஆம் ஆண்டில் மறுத்தனர். 1967 ஆம் ஆண்டிலே கட்டுப்பாடுகளுடன் இசைந்தனர். அதற்குள் ஏழை நாடுகள் ஒரு கேள்வியை எழுப்பியிருந்தன. தம் மக்களுக்குத் தகாதென்று விலக்கியதைப் பிறர் மக்களுக்கு நீட்டுவது எங்ஙனம்? தூளுக்கு மணமில்லை; சுவையில்லை; நீரிற் கரையும் இயல்புமில்லை. செலவும் எண்ணியதினும் மிகுந்தது. 1970 களிலே அம்முயற்சி ஓய்ந்தது. சத்து அத்தனையும் இருந்தும் அத்தூள் ஊணாகவில்லை. ஆனால் மாசி அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக உணவாகவே நிற்கின்றது. ஒன்று நாவை மதித்துப் பிறந்தது. மற்றொன்று நாவை மறந்து பிறந்தது.

அக்கனவு ஓய்ந்த பத்தாண்டிலேயே அடுத்த அத்தியாயம் பிறந்தது. டென்மார்க் அறிஞர்களாகிய பாங், டயர்பேர்க் ஆகிய இருவர், கிறீன்லாந்து மக்களின் குருதியை 1970 களின் தொடக்கத்தில் ஆராய்ந்து, கடலுணவுக் கொழுப்பிலுள்ள ஒமேகா 3 அமிலங்கள்மீது உலகின் கவனத்தைத் திருப்பினர். இதயத்துக்கு அவை அளிக்கும் நன்மையின் அளவுபற்றி இன்றும் விவாதம் நிகழ்கின்றது. எனினும் மூளையும் கண்ணும் வளர அவை வேண்டுமென்பது ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. ஜப்பானியர் 1984 ஆம் ஆண்டில், பசியாற்றுதல், சுவையளித்தல் ஆகியவற்றுக்கு அப்பால் உடலின் தொழிற்பாட்டைப் பேணும் உணவு என்னும் கருத்தை ஆராயப் புகுந்து, 1991 ஆம் ஆண்டில் அதற்குச் சட்ட அங்கீகாரமும் வகுத்தனர். மாசியைப்போன்றே அவித்துப் புகையூட்டி உலர்த்திய சூரை ஜப்பானியரிடமும் உண்டு. அதனை நொதியாற் பகுத்துப் பெற்ற சிறு புரதக் கூறுகள், குருதியழுத்தத்தைத் தணிக்க உதவும் உணவுப்பொருளாக அங்கே ஏற்கப்பட்டன. உரோமரின் தொட்டியில் வெயில் செய்த வேலையை, ஆய்வுகூடத்துக் கலத்திலே அளந்து இட்ட நொதி செய்கின்றது.

இம்முறைகள் இன்று பல்கிவிட்டன. மீன் தோலிலிருந்தும் செதிளிலிருந்தும் கொலாஜன், ஜெலற்றின் என்பவற்றை எடுக்கின்றனர். முள்ளை மென்மையாக்கி அரைத்துக் கல்சியத்தூள் செய்கின்றனர். இறால் ஓட்டிலிருந்து கைற்றினைப் பிரித்து மருந்துக்கும் கைத்தொழிலுக்கும் பயன்படுத்துகின்றனர். கொச்சியிலே 1957 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இத்துறையிற் பல வழிகளை வகுத்துள்ளது. இலங்கையில், 1981 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த நாரா எனப்படும் தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனம், கொட்டாஞ்சேனைக்கு வடக்கே மட்டக்குளி காக்கைதீவிலே நின்று, பிடித்த மீனைப் பேணும் துறையையும் ஆராய்ந்து வருகின்றது.

வாய்ப்பு இருக்கின்றது, வேண்டுவது விவேகம். முதலாவதாக, கழித்த மீன் வேறு, அழுகிய மீன் வேறு. சூரை போன்ற மீன்கள் வெப்பத்திற் கிடந்தால் அவற்றிலே ஹிஸ்டமின் என்னும் நஞ்சு பிறக்கும். பின்னர் எத்துணை வேகவைத்தாலும் அது நீங்காது. ஆகவே கழிவிலிருந்து உணவு ஆக்குவோர், அக்கழிவையும் உணவைப்போலவே முதற்கணத்திலிருந்து பனிக்கட்டியிற் பேணல் வேண்டும். ஈரலெண்ணெயும் அளவு மிஞ்சினால் விற்றமின் ஏ தானே தீங்காகும். இரண்டாவதாக, கழிவுக்கு விலை வந்தவுடன், அதற்கென்றே கடலை வாரும் ஆசை வருதல் கூடும். பெரு நாட்டவர் 1970 ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஒருகோடியே இருபது இலட்சம் தொன் நெத்தலியினத்து மீனைப் பிடித்து, அதனைத் தூளாக்கிப் பிறநாட்டுக் கோழிக்கும் பன்றிக்கும் விற்றனர். அந்நாட்டு ஏழைகளுக்கு அதிற் கிட்டியது சிறிது. 1972 ஆம் ஆண்டிலே கடல்நீர் வெப்பமுற்றபோது, அளவின்றிப் பிடிக்கப்பட்டிருந்த அம்மீன்வளம் சரிந்தது.

மூன்றாவது எச்சரிக்கை கொழும்புக்கே உரியது. மீன் தலையும் முள்ளுச் சதையும் மலிவாக இருப்பதாலேயே பல குடும்பங்களின் சட்டியில் மீன்மணம் எழுகின்றது. அவை குளிகையாகவும் தூளாகவும் மாறி, அழகிய புட்டிகளில் அடைபட்டு, வசதியுள்ளார் வாங்கும் பொருளாகிவிட்டால், கழிவு குறைந்ததாகக் கணக்குக் காட்டும். ஏழைக் குழந்தையின் கலமோ வெறுமையாகும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமின்றியும், பதினைந்து பேர் உயரத்துக்கேற்ற எடையின்றியும் இருந்தனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அக்குடும்பங்களின் சந்தைக் கூடையை மேலும் இலேசாக்கியது. கழித்த மீனின் கதையிலே தீர்ப்புக் கூறவேண்டியவர்கள் இப்பிள்ளைகளே.

ஆகவே, எந்த வழி நன்று என்பதைக் கடந்தகாலமே காட்டுகின்றது. உப்பு வரி நீங்கியபோது ஏழைக்கு உணவு பெருகியது; போரின் அவசரத்திற் பிறந்த ஈரலெண்ணெய், மலிவான மாற்று வந்ததும் மறைந்தது; சுவையற்ற தூள் தோற்றது; மாசியும் ஜாடியும் கூழும் நிலைத்தன. நெத்தலியை முள்ளோடு அரைத்துச் சம்பற்பொடி ஆக்குதல், தலையின் சாற்றை வற்றவைத்துக் கூழுக்கும் சொதிக்கும் உதவும் களியாக்குதல், முள்ளின் தூளை மாவுடன் சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளின் சிற்றுண்டியிற் கலத்தல் என்பன, ஆராய்ச்சியாளரின் அளவுகோலும் அடுக்களையின் கைப்பக்குவமும் ஒருங்கு கூடினால் இயலக்கூடியவை. அப்பண்டங்கள் ஹெவ்லொக் டவுனின் வசதியான வீட்டிலும் கொட்டாஞ்சேனையின் ஒற்றை அறை வீட்டிலும் ஒரே விருப்போடு உண்ணப்படும் நாளிலேதான், உணவுக்கும் கழிவுக்கும் இடைப்பட்ட அந்தப் பழைய கோடு நீதியான இடத்திற்கு நகர்ந்தது எனலாம்.